நாற்பத்தேழு விநாடி

அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் வராது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளிறல், கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான் வரும். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடமாகக் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் செத்தவர்களின் நினைவாக அச்சாகிற கல்வெட்டுப் புத்தகங்களில் பாதிக்கு நான்தான் படம் சரிசெய்து கொடுப்பது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது செத்தவீட்டுக்காரர் அடையாள அட்டையோடு வந்து நிற்பார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல படம் எடுத்துவைக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

சாருஜா தங்கச்சி, நீங்களும் அப்படித்தான் அம்மாவின் அட்டையோடு வந்தீர்கள். அதை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் முகம் அதில் இல்லை. கல்வெட்டு முந்நூறு வீட்டுக்குப் போகும், அலுமாரிகளில் வருடக்கணக்காக இருக்கும். அதில் இப்படி ஒரு சாம்பல் முகம் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் வேறு படம் போட்டேன். கிணற்றடியில், நீலச் சேலையோடு, ஈரக் கையால் முகத்தை மறைக்கப்போய் மறைக்காமல் சிரிக்கிற படம். கீழ்மூலையில் படம் எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கிறது. அதை அழிப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. நல்ல படத்தில் கை வைக்க மனம் வரவில்லை.

நேற்று அந்தியேட்டி முடிந்து, சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"பிரகாஸ் அண்ணை, இந்தப் படம் எங்காலை வந்தது?"

"இருந்தது" என்றேன்.

"இது தம்பி எடுத்தது. வீடியோக் கோலிலை ஒருக்காக் காட்டினவன். அனுப்புறன் அனுப்புறன் எண்டு கடைசிவரைக்கும் அனுப்பேல்லை. அவன்ரை கொம்பியூட்டர்ப் பெட்டியிலை மட்டுந்தான் இருந்தது. பெட்டி செத்துப்போச்செண்டெல்லோ சொன்னனீங்கள்?"

பந்தல்காரர் வந்துவிட்டார் என்று சொல்லி எழும்பிப் போய்விட்டேன். பந்தல்காரர் வரவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் நேரில் சொன்னால் நடுவில் நீங்கள் அழுவீர்கள், நான் ஒழுங்காகச் சொல்லி முடிக்க மாட்டேன். ஒரு வேலையைத் தொடங்கினால் ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பது என் பழக்கம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு விமானம். அதற்கு முன் இதை வாசித்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பி கோகுலன் என்னிடம் வாடிக்கையாக வந்த பிள்ளை. வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்தான் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைவிட அவனுக்கு விஷயம் தெரியும். அதை ஒருநாளும் காட்டிக்கொள்ள மாட்டான். ஒருமுறை மட்டும், ஒரு வாத்தியாரின் கணினியில் நான் அவசரப்பட்டுக் கை வைக்கப்போக, மெல்லச் சொன்னான். "அண்ணை, முதல் கொப்பி, பிறகு கை." பிரதி எடுத்துவிட்டுத் தொட்டதால் அந்த வாத்தியாரின் இருபது வருட வினாத்தாள் அன்று தப்பியது. அதற்குப் பிறகு அதுவே என் கடையின் சட்டமானது. 'எங்கள் கையில் வந்தது தொலைவதில்லை' என்று கடை வாசலில் எழுதி மாட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு அவன்தான் காரணம். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பெட்டியும் அவன் தானே செய்தது. பழைய கணினி ஒன்றின் கூட்டுக்குள் நாலு ஹாட் டிஸ்க். உங்கள் வீட்டுப் படங்கள், வீடியோக்கள், அப்பாவின் கடிதங்கள், எல்லாருடைய சான்றிதழ்கள், எல்லாம் அதற்குள். நாலு டிஸ்க்கும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, பூட்டு எது, திறப்பு எது என்பதை மட்டும் பின்பக்கம் செருகியிருந்த ஒரு சின்ன பென்டிரைவ் வைத்திருந்தது. அது போனால் டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் திறப்பைத் தொலைத்த வீடு மாதிரி, சாமான் முழுக்க உள்ளே இருக்கும், நாங்கள் வெளியே நிற்போம்.

அவன் அதையும் யோசித்திருந்தான். ஒருநாள் கடைக்கு வந்து, ஒட்டிய கடித உறை ஒன்றை நீட்டினான்.

"அண்ணை, இதிலை அந்தப் பென்டிரைவின்ரை கொப்பி இருக்கு. உங்களிட்டை இருக்கட்டும். எங்கடை அம்மா இடம்பெயரேக்கை சேர்ட்டிபிக்கேற் எல்லாத்திலையும் ஒரு கொப்பி கொடிகாமத்திலை பெரியம்மா வீட்டை வைச்சிட்டுத்தான் போனவ. வீடு போச்சு, சேர்ட்டிபிக்கேற் தப்பிச்சுது. அதுபோலைதான் இதுவும்."

"அம்மாவுக்குச் சொல்லி வைக்கிறதுதானே?" என்றேன்.

"அவவுக்கு உது விளங்காது. நீங்கள் இருக்கிறியள்தானே" என்றான்.

உறையை மேசை லாச்சியில் வைத்தேன். அது ஒரு நாளும் லாச்சியை விட்டு அசையவில்லை. அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

அவன் செத்த தை மாதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல், முப்பது வயது. நீங்கள் வந்து நின்று திரும்பிப் போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியே இருந்தார். பெட்டியைத் தொலைக்காட்சியோடு கோகுலன் ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தான். எந்தப் பொத்தானை அமர்த்துவது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தது நான். பின்னேரம் நாலு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து இருந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழும்ப மாட்டாராம். பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து மாமி சொன்னார். சந்தைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை, அந்தக் கதிரைதான் கதி.

பிறகு ஐப்பசியில் சரஸ்வதி பூசை வந்தது. கோகுலன் இருந்த வருடங்களில் பெட்டியை ஒழுங்காக நிறுத்தி, வயர் கழற்றி, தூக்கிக்கொண்டு போய்க் கும்பத்தடியில் வைத்துச் சந்தனப் பொட்டு வைப்பானாம். அந்த வருடம் அம்மா தனி. விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு ஓட்டோவில் பெட்டியோடு கடைக்கு வந்து இறங்கினார். பென்டிரைவ் வெற்றிலைக்குள் சுற்றிக் கையில் இருந்தது. அதன் வாய்க்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"தம்பி, பிள்ளையின்ரை சாமானைச் சாமிக்கு வையாமல் விடுறதே எண்டு நினைச்சன். பெட்டியைத் தூக்க ஏலேல்லை. பின்னாலை இது மினுங்கிக்கொண்டு இருந்தது. இதிலை கை வையாதைங்கோ அம்மா, இதுதான் பெட்டியின்ரை உயிர் எண்டு அவன் சொல்லுறவன். உயிரெண்டால் அதைத்தானே சாமிக்கு வைக்கவேணும் எண்டு கழட்டிக் கொண்டுபோய் அவன்ரை புத்தகத்துக்கு மேலை வைச்சன். மஞ்சள் தண்ணியும் தெளிச்சுப்போட்டன். இப்ப கொழுவினால் லைட் வரேல்லை."

"சரியாகும் அம்மா, விட்டிட்டுப் போங்கோ" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார்.

பென்டிரைவை ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தேன். அது போய்விட்டது. லாச்சியைத் திறந்து உறையை எடுத்தேன். முதலில் நாலு டிஸ்க்கையும் கொப்பி பண்ணுவதற்குத் தொடுத்துவிட்டேன், சட்டம் சட்டம்தானே. கொஞ்சம் பொறுக்க மனமில்லாமல் கோகுலனின் பிரதிப் பென்டிரைவைச் செருகித் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். திறந்தது. முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். எண்ணிக்கையை ஒரு துண்டில் எழுதி வைத்தேன். எனக்கு மெத்தச் சந்தோசம். ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தேன், கிணற்றடிப் படமும் அதில் ஒன்று.

இரண்டு மணிக்கு அம்மா திரும்பி வந்தார். கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய், எனக்குச் சாப்பாட்டுக் கரியரோடு வந்திருந்தார். தனக்காக வேலை செய்கிற பிள்ளை பசியோடு இருக்குமே என்று சமைத்தாராம். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, இரண்டு வடை.

இதைச் சொன்னால் அற்பமாக இருக்கும். என் மனைவி மகளோடு பிரான்சுக்குப் போய்ப் பதினொரு வருடம். முதல் மூன்று வருடம் 'உங்களைக் கூப்பிடுகிறேன்' என்று சொன்னாள், பிறகு அதையும் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். பாணும் சம்பலும், கடைச் சோறும்தான். எனக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

நான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் அம்மா கேட்டார். "ஏதும் வருமே தம்பி?"

வாய்க்குள் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். விழுங்கிய பிறகு, "பாக்கிறன் அம்மா" என்று வந்தது. அது பொய் இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப நாளைக்கும் வாறன்" என்றார்.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். மறுநாள் அம்மா ஓட்டோவில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். காலையிலேயே சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிச் சமைத்திருந்தார். சந்தையில் ஆரோ தெரிந்தவரைக் கண்டு கதைத்ததை அரை மணித்தியாலம் சொன்னார். ஒன்பது மாதமாக வீட்டை விட்டு வெளிக்கிடாத மனுசி. யோசித்துப் பாருங்கள் தங்கச்சி. பெட்டி கெட்டதால்தான் அவர் வெளியே வந்தார். இன்றைக்குத் திருத்திக் கொடுத்தால் நாளைக்கு நாலு மணிக்கு மறுபடியும் அந்தக் கதிரை. ஒரு கிழமை போகட்டும், கொஞ்சம் ஆளைத் தேற்றிவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். வைத்தியரும் அப்படித்தானே, மருந்தை உடனே நிறுத்தாமல் மெல்ல மெல்ல நிறுத்துவார்.

ஒரு கிழமை முடிய அம்மா நேராகவே கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கோ தம்பி. என்ரை தண்ணியாலைதானே?"

"தண்ணி போன சாமான் அம்மா. சொல்ல ஏலாது" என்றேன்.

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த மைக் சோதிச்ச துண்டு மட்டும் வந்தாலும் காணும். மிச்சம் போகட்டும்" என்றார்.

அது எது என்று எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் தேடி எடுத்துக் கேட்டேன். நாற்பத்தேழு விநாடி. கோகுலன் புது மைக் ஒன்று வாங்கி, ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணிப் பரிசோதிக்கிறான். குசினியிலிருந்து அம்மா, "கோகுலன்" என்று கூப்பிடுகிறார். "சோறு ஆறுது ராசா. வந்து சாப்பிட்டிட்டுப் போய் இருந்து வேலையைப் பார்." அவன், "வாறன் அம்மா" என்கிறான். கதிரை இழுபடும் சத்தம். அதோடு முடிகிறது. அதைத்தான் அம்மா ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்பார். அவன் வாறன் என்று சொல்லும் அந்த இடத்துக்காக.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சந்நிதி முருகனிடம் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். பெட்டி திறக்கிற வரைக்கும் ஒரு நேரச் சாப்பாடு. நேரம் பின்னேரம் நாலு மணி, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த அதே நேரம்.

"உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ அம்மா. இன்சுலின் ஊசி போடுறனீங்கள். ஒரு நேரம் காணாது" என்றேன்.

"பிள்ளையைத் தண்ணி தெளிச்சு அழிச்ச கைக்கு ஒரு நேரமே கூட, தம்பி."

அன்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சொன்னால் இரண்டு கிழமையாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒரு மாதம் போக, ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்று வரும். நாள் ஏற ஏறக் கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது. நான் என்ன செய்ய? என் கையில் எதுவும் இருக்கவில்லை.

அம்மாவுக்குத் தினமும் பஸ்ஸில் வர உடம்பு இடம் கொடுக்காமல் போக, செவ்வாயும் வெள்ளியும் நான் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்து பார்ப்பார். தனக்கு நாலு மணிக்குத்தான். ருசி பார்க்காமல் சமைப்பதால் சிலவேளை உப்புக் கூடும், நான் சொல்வதில்லை. சாப்பிட்டு முடிய, பெட்டியைப் பற்றி அந்தக் கிழமைப் புதினம் சொல்வேன். மூன்றாவது டிஸ்க் கொஞ்சம் அசைந்தது, கொழும்பிலிருந்து ஒரு மென்பொருள் எடுப்பிக்கிறேன், அப்படி ஏதாவது. அம்மாவின் முகம் தெளியும். அந்தத் தெளிவைக் கொண்டுதான் அடுத்த கிழமை வரைக்கும் சீவித்தார் என்று நான் நம்புகிறேன். தொடக்கத்தில் 'பாருங்கோ, இருங்கோ' என்றவர், மூன்றாம் மாதமளவில் என்னை 'நீ' என்றார். "நீ மெலிஞ்சுபோனாய், இன்னும் கொஞ்சம் போடட்டே?"

அம்மாவின் கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அம்மா சுவிச்சைத் தொடுவதை விட்டுவிட்டார். தான் தொட்டால் கெட்டுவிடும் என்று பயம். வெளிச்சம் போடவும் மின்விசிறி போடவும் சிவக்கொழுந்து மாமியையோ என்னையோ எதிர்பார்த்திருப்பார். சாமியறையைச் சாத்தினார், விளக்கை மாமி வந்து ஏற்றினார். போனையும் தொடமாட்டார். நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் கூப்பிடும்போதெல்லாம் போனைப் பிடித்திருந்தது என் கை. 'அம்மாவைப் பார்க்க நீங்களாவது இருக்கிறியள் அண்ணை' என்று சொல்லிச் சுவிசிலிருந்து எனக்குச் சொக்கிளேட் அனுப்பினீர்கள். ஒருமுறை பெட்டியைக் கொழும்பில் ஆரிடமாவது கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்டீர்கள். பஸ்ஸில் குலுங்கினால் இருக்கிறதும் போய்விடும் என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை.

இன்னொருமுறை நீங்கள் அம்மாவிடம், "ஏனம்மா உங்களுக்கு அதைப் போய்க் கழட்டின வேலை?" என்று கேட்டீர்கள். ஒரே ஒருமுறைதான். கோபத்தில் கேட்டது என்று எனக்கும் விளங்கியது. அம்மா அதைப் பிறகு நாலைந்து தரம் என்னிடம் சொன்னார். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒழுங்காகச் சொல்வது என்று தொடங்கியதால் எதையும் விட விரும்பவில்லை.

இரண்டாவது வருடம் அம்மா நன்றாக இளைத்துவிட்டார். சிவக்கொழுந்து மாமி என்னைப் படலை வாசலில் மறித்தார்.

"தம்பி, உந்த நேர்த்தியை விடச் சொல்லு. ஆரின்ரை சொல்லும் கேக்கிறாவில்லை. உன்ரை சொல்லுக் கேப்பா."

"சொல்லிப் பாத்தனான் மாமி" என்றேன். அது உண்மை. ஒவ்வொரு முறையும் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து இருந்து, நீங்களும் சாப்பிடுங்கோ அம்மா என்று சொல்லாமல் நான் ஒருநாளும் சோற்றுக் கோப்பையில் கை வைத்ததில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அம்மா அலைந்த நெய்க்கு வெண்ணெய் என் லாச்சியில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. எத்தனையோ தரம் பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைக்கும் அளவுக்கு வந்தேன். தூக்கும்போது ஒன்று தோன்றும். இதைக் கொடுத்தால் அம்மா சந்தோசப்படுவார், என்னைக் கும்பிடுவார், நாலு மணிக்குக் கதிரையில் போய் இருப்பார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் எதற்கு அந்த வீட்டுக்குப் போவது? பிறகு பெட்டியை இறக்கி வைத்துவிடுவேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அம்மா குசினி நிலத்தில் கிடந்தார். சீனி இறங்கி மயக்கம். அடுப்பில் எனக்கு வைத்த சோறு வெந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களுக்குக் கோல் எடுத்ததும் நான்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனேன். அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்தார். இரண்டு வருடத்தில் அவர் தானாக ஒருவரைத் தொட்டது அன்றுதான்.

"பெட்டியிலை ஒண்டும் வரேல்லையே, தம்பி?"

அந்த நாற்பத்தேழு விநாடியைப் பெட்டியிலிருந்து என் போனுக்கு மாற்றியிருந்தேன். போன் சட்டைப் பையில் இருந்தது. அம்மாவின் காதுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் சத்தமாக இருந்தது, ஒழுங்காகக் கேட்காது என்று நினைத்தேன். வருத்தக்காரருக்குத் திடீர்ச் சந்தோசமும் கூடாது என்பார்கள். அதோடு, கேட்டுவிட்டால் இது எப்போது வந்தது என்று கேட்பாரே.

"வரும் அம்மா. கிட்டடியிலை வந்திட்டுது" என்றேன்.

"வந்தால் ஒருக்கால் எனக்குப் போட்டுக் காட்டு" என்றார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தார். பிறகு திறந்து, "நேற்று வந்து சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

"சாப்பிட்டனான் அம்மா" என்றேன்.

விடிய ஆறு மணிக்குப் போய்விட்டார். நீங்கள் வந்து சேரும் மட்டும் எல்லா ஒழுங்கும் நான்தான் பார்த்தேன். சொந்தப் பிள்ளை மாதிரி நின்று செய்கிறான் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

இதுதான் நடந்தது. பொலிசுக்குப் போவதென்றால் போங்கள், நான் கடையில்தான் இருப்பேன். என்ன குற்றம் என்று எழுதுவார்களோ தெரியவில்லை. நான் எதையும் களவெடுக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஒரு வயதுபோன மனுசிக்கு இரண்டு வருடம் துணையாக இருந்தேன். அதற்காகக் கொஞ்சம் பொய் சொன்னேன்.

பெட்டியை உங்கள் வீட்டு முன் அறையில், பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். தூசி துடைத்து, டிஸ்க்குகளைப் பரிசோதித்து, புதுப் பென்டிரைவ் போட்டிருக்கிறேன். கோகுலனின் உறை மேலே இருக்கிறது. பச்சைப் பொத்தானை அமர்த்தினால் இரண்டு நிமிடத்தில் திறக்கும். சுவிசுக்குக் கொண்டுபோவதானால் டிஸ்க்குகளைத் தனித்தனியே துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், பெரிய பயணப் பெட்டியில் போடவேண்டாம்.

எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினொன்று இருக்கும். ஒன்று குறையும். அதைத் தேட வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று உங்கள் வீட்டிலிருந்து வந்து அதில் கொஞ்சம் கை வைத்தேன். முதல் கொப்பி எடுக்கவில்லை, டிஸ்க்குகளின் பழைய கொப்பியும் இப்போது இல்லை, அந்தச் சட்டத்தை மீறியது இந்த ஒருமுறைதான். கோகுலன் எண்ணுவதை எடுத்துவிட்டேன். அம்மா அவன் பெயர் சொல்வதையும், அவன் 'வாறன் அம்மா' என்பதையும் எடுத்துவிட்டேன். இப்போது ஒன்பது விநாடிதான். மத்தியானம் கோப்பையில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு அதை ஓடவிடுவேன். சோறு ஆறுது ராசா, வந்து சாப்பிடு என்று அம்மா கூப்பிடுவார். மறுமொழியை நான் சொல்கிறேன்.